3,000 சொற்கள் நோட்டில் இருக்கின்றன, கைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: ஆங்கில நாவல்களையும் நல்ல கட்டுரைகளையும் அகராதியைப் புரட்டாமல் படிக்க வேண்டும், ஓரளவு நயமாக எழுதவும் வேண்டும் என்பது என் ஆசை. ஐந்து மாதங்களாகத் தினமும் 20 கடினமான சொற்கள் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், உச்சரிப்பும் தமிழிலேயே. 3,000 சொற்கள் சேர்ந்துவிட்டன. பட்டியலில் கேட்டால் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் அதே சொல் வந்தால் விழிக்கிறேன். எழுதினாலோ தப்பாகிறது. ஒரு விண்ணப்பத்தில் என் திறமைகளை மேம்படுத்த விரும்புவதாகச் சொல்ல ‘அமீலியரேட்’ என்றும், மதிப்புக்குரிய பேராசிரியர் ஒருவரைப் புகழ்பெற்றவர் என்று சொல்ல ‘நொட்டோரியஸ்’ என்றும் எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் இரண்டையும் சிவப்பில் அடித்துவிட்டார். எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் உழைப்பில் குறை இல்லை, நோட்டின் அமைப்பில்தான் குறை. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல் என்ற கணக்கு ‘டேபிள் என்றால் மேசை’ என்பது வரை செல்லும். அதற்கு மேல் போனால் உதைக்கும்.

‘அமீலியரேட்’ என்பதற்கு ‘மேம்படுத்து’ என்று அகராதி சொல்வது பொய்யில்லை. ஆனால் எதை மேம்படுத்துவது? வறுமை, வலி, சிறைவாசிகளின் நிலைமை போல ஏற்கெனவே மோசமாகக் கிடக்கும் ஒன்றைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவதற்குத்தான் அந்தச் சொல். திறமைக்கு அதைப் போட்டால், உங்கள் திறமை அவ்வளவு பரிதாபமாக இருக்கிறதா என்று படிப்பவர் நினைப்பார். ‘நொட்டோரியஸ்’ அதைவிட ஆபத்து. கெட்டதற்குப் பேர்போனவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். பேராசிரியர் பார்க்கும் முன்பே நண்பர் பார்த்தது நல்லதாயிற்று.

இதில் ஆங்கிலத்துக்கென்று தனி மர்மம் எதுவும் இல்லை. இறந்தார், மறைந்தார், காலமானார், செத்தான், மண்டையைப் போட்டான் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே. இரங்கல் செய்தியில் எதை எழுதக்கூடாது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மழை பெய்யும், காற்று வீசும், மின்னல் வெட்டும், இடி இடிக்கும். ‘காற்று பெய்தது’ என்று ஒருவர் எழுதினால் இலக்கணம் சரி, சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனாலும் தமிழ் இல்லை. இந்த அறிவு உங்களுக்குப் பட்டியலிலிருந்து வரவில்லை, ஒவ்வொரு சொல்லையும் அதன் கூட்டாளிகளோடு நூறு முறை கேட்டதால் வந்தது. மேல்நிலை ஆங்கிலச் சொற்களுக்கு அந்த நூறு முறை உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே, தானாக வந்திருக்க வேண்டியதைக் கையால் சேர்க்க வேண்டும்.

சேர்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, அந்தச் சொல் யாரோடு வருகிறது. இரண்டாவது, எந்த இடத்துச் சொல்: பேச்சா, அலுவலா, இலக்கியமா, வழக்கொழிந்ததா. மூன்றாவது, அது பாராட்டா, பழிப்பா, நடுநிலையா. நான்காவது, பின்னால் எந்த முன்னிடைச்சொல்லை இழுத்து வருகிறது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘அவெர்ஸ்’ என்றால் பின்னால் ‘டு’, ‘ரெடலன்ட்’ என்றால் ‘ஆஃப்’, ‘கான்வெர்சன்ட்’ என்றால் ‘வித்’, ‘டான்டமவுன்ட்’ என்றால் ‘டு’. இவை சொல்லின் வால். வாலை வெட்டிவிட்டுப் படித்தால், பரீட்சையில் பொருள் எழுதலாம், வாக்கியம் எழுத முடியாது.

இந்த நான்கும் ஆங்கிலம் – தமிழ் அகராதியில் பெரும்பாலும் கிடைக்காது. கற்பவருக்காகவே தயாரித்த ஆங்கிலம் – ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். 1978-இல் வந்த லாங்மன் கற்போர் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, சொல்லை ஒரு முழு வாக்கியத்துக்குள் வைத்தே விளக்கியது. அதனால் எது எதைச் செய்யும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் சேர்க்கைச் சொல் அகராதி இன்னும் நேரடியானது: ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு வரும் வினைகளையும் அடைமொழிகளையும் வரிசையாகக் கொடுக்கும். எந்த அகராதியானாலும், பொருளுக்கு முன்னால் சாய்வெழுத்தில் இருக்கும் குட்டிக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். ‘ஃபார்மல்’, ‘லிட்டரரி’, ‘டேட்டட்’, ‘ஆர்க்கேயிக்’, ‘டிஸப்ரூவிங்’ என்று அங்கே இருக்கும் ஒற்றைச் சொல்தான் உங்கள் விண்ணப்பத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்து எண்ணிக்கை. தினம் 20 மிக அதிகம். புனைகதையையும் செய்தித்தாளையும் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை தேவை என்று சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது. பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். இதை நீங்களே ஒரு புத்தகத்தில் சோதிக்கலாம். 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாதவற்றின் கீழ் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஆறு புள்ளிகள் வரை என்றால் அது உங்களுக்கு இதமாகப் படிக்கக்கூடிய புத்தகம். பதினைந்து வரை என்றால் நிறுத்தி நிறுத்திப் படிக்கும் பாடப் புத்தகம். அதற்கு மேல் போனால், அந்த ஆசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் ஆறு மாதம் அலமாரியில் காத்திருக்கட்டும். பலர் நேராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலில் போய் முட்டிக்கொள்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரைகளிலும் சிறுகதைகளிலும் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே எளிது.

சொற்கள் இந்தப் புள்ளிகளிலிருந்துதான் வர வேண்டும், யாரோ தொகுத்த பட்டியலிலிருந்து அல்ல. படிக்கும்போது அகராதியைத் தொடாதீர்கள், வாக்கியமே புரியாமல் நின்றால் ஒழிய. அத்தியாயம் முடிந்ததும் புள்ளி வைத்தவற்றில் ஐந்தை மட்டும் எடுங்கள். எந்த ஐந்து? வேறெங்காவது முன்பே கண்ணில் பட்டது, ஒரே புத்தகத்தில் இரண்டாம் முறை வந்தது, உங்களுக்கே சொல்லத் தேவைப்படும் ஒன்றைச் சொல்வது. ஒரு முறை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கப்பலின் பாய்மரப் பெயரையும் குதிரைச் சேணத்தின் பாகத்தையும் சூழலை வைத்து ஊகித்துவிட்டு நகருங்கள். நாளுக்கு ஐந்தாக, வாரத்தில் ஐந்து நாள் என்றாலும் ஆண்டுக்கு 1,300 ஆகிறது. அது குறைவில்லை.

நோட்டுக்குப் பதில் அட்டை. முன்பக்கம் நீங்கள் படித்த அதே வாக்கியம், அந்தச் சொல் இருந்த இடம் காலி, முதலெழுத்து மட்டும். பின்பக்கம் சொல், அழுத்தம் விழும் அசையின் மேல் ஒரு கோடு, கூட்டாளிச் சொற்கள் மூன்று, வால், இடக்குறிப்பு. தமிழ்ப் பொருள் வேண்டுமானால் கடைசியில், சிறியதாக. சொல்லைப் பார்த்துப் பொருளை நினைவுகூர்வதைவிட, இடத்தைப் பார்த்துச் சொல்லை வரவழைப்பது கடினம். எழுதும்போது தேவைப்படுவது இந்த இரண்டாவது வேலைதான்.

மறதியைப் பற்றி 1885-இல் ஆராய்ந்து எழுதிய ஹெர்மன் எபிங்ஹவுஸ், பழைய நினைவுகள் குறுக்கிடக்கூடாது என்பதற்காகவே பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னைத்தானே சோதித்தார். அவை வேகமாக நழுவின. சூழல் இல்லாத உங்கள் நோட்டுச் சொற்கள் கிட்டத்தட்ட அந்த அசைகளின் நிலையில்தான் இருக்கின்றன. பட்டியலில் உங்களுக்குப் பதில் வருவதற்கும் காரணம் உண்டு. மேலே எந்தச் சொல், கீழே எந்தச் சொல், பக்கத்தின் எந்த மூலை என்பதையும் சேர்த்தே மூளை பிடித்துக்கொள்கிறது. இடம் மாறினால் பிடி விட்டுவிடும்.

திருப்பிப் பார்க்க ஐந்து அறை கொண்ட பெட்டி போதும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறை இது. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவது மாதத்துக்கு. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கு இறங்கும். ஆன்கி போன்ற செயலிகள் இதையே கணக்குப் போட்டுச் செய்கின்றன. யாரோ செய்து வைத்த ஆயத்த அட்டைக்கட்டை இறக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம், அது நோட்டே வேறு வேடத்தில் வந்தது. திருப்புதல் நாளுக்குப் பத்து நிமிடத்தைத் தாண்டினால் புது அட்டை போடுவதைச் சில நாள் நிறுத்துங்கள். ஒரே அட்டை நான்கு முறை கீழே இறங்கினால் குறை அட்டையில் இருக்கிறது. வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

இன்னொரு பொதுவான தவறு, ஒரே பொருள் தரும் சொற்களை ஒரே நாளில் படிப்பது. பட்டியல் நூல்கள் அப்படித்தான் அடுக்குகின்றன, பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ‘லொக்குவேஷியஸ்’, ‘கேரலஸ்’, ‘வாலியுபிள்’, ‘வெர்போஸ்’ நான்கையும் ஒன்றாக விழுங்கினால் நான்கும் கலந்து ‘அதிகம் பேசும்’ என்ற ஒரே கூழாகிவிடும். வாரத்துக்கு ஒன்றாக வந்தால்தான் முகம் தெரியும். ‘லொக்குவேஷியஸ்’ பேச்சுப் பிரியர், சற்று ஏட்டு நடைச் சொல். ‘கேரலஸ்’ வளவளவென்று ஒன்றுமில்லாததை இழுப்பவர், கேட்பவரின் அலுப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வாலியுபிள்’ மடை திறந்ததுபோல் தடையின்றிக் கொட்டுபவர். ‘வெர்போஸ்’ பெரும்பாலும் எழுத்தையும் உரையையும் சொல்வது, பத்துச் சொல்லில் முடிவதை நாற்பதில் நீட்டி முழக்குவது. எதிர்த்திசையில் ‘லக்கானிக்’ இருக்கிறது. ஸ்பார்ட்டா இருந்த லகோனியா நாட்டின் பெயரிலிருந்து வந்தது. ‘உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் அழித்துவிடுவேன்’ என்று மாசிடோனியாவின் பிலிப் மிரட்டியதற்கு அவர்கள் அனுப்பிய பதில் ‘நுழைந்தால்’ என்ற ஒற்றைச் சொல்தான் என்பது பழைய கதை. இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல்லுக்கு அட்டையே வேண்டாம்.

வேர்களைப் படிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். படிக்கலாம், அளவோடு. பேசுதலைக் குறிக்கும் ‘லோக்’ என்ற இலத்தீன் வேர் தெரிந்தால் ‘எலக்வன்ட்’, ‘கலோக்வியல்’, ‘சலிலக்வி’, ‘ஆப்லக்வி’ எல்லாம் உறவினராகத் தெரியும். அடிக்கடி வரும் வேர்கள் நாற்பது ஐம்பது போதும். ஆனால் வேர் நினைவில் வைக்க உதவும், பொருளை ஊகிக்க நம்பக்கூடாது. ‘நாய்ஸம்’ என்பதற்கும் ஓசைக்கும் தொடர்பில்லை, அது குமட்டும் நாற்றம். ‘எனர்வேட்’ ஆற்றல் தருவதுபோல ஒலிக்கும், உண்மையில் நரம்பை அறுத்ததுபோல் சோர்வாக்குவது. ‘மெரிட்ரிஷியஸ்’ தகுதியைச் சொல்வதாகத் தோன்றும், இலத்தீனில் விலைமகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வெளிப்பகட்டு என்று பொருள். ‘ரெஸ்டிவ்’ ஓய்வாக இருப்பதல்ல, அடங்காமல் முரண்டு பிடிப்பது. இந்த வகைச் சொற்களுக்கு அட்டையில் சிவப்பு மூலை வையுங்கள்.

தொல்காப்பியம் தமிழ்ச் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படிப் படிவங்கள் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனை வழியாகவும் நீதிமன்றம் வழியாகவும் நுழைந்தன, பின்னர் அறிஞர்கள் இலத்தீனிலிருந்து நேரடியாக அள்ளினார்கள். அதனால் ‘ஆஸ்க்’, ‘க்வெஸ்சன்’, ‘இன்டெரகேட்’ என்று ஒரே செயலுக்கு மூன்று மாடி. கீழ்மாடி வீட்டுச் சொல், மேல்மாடி விசாரணை அறைச் சொல். புதுச் சொல்லைப் பார்த்ததும் எந்த மாடி என்று கேட்டுப் பழகினால் இடக்குறிப்பைப் பாதி ஊகிக்கலாம்.

இங்கேதான் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பெரிய தவறான எண்ணத்தைத் தொட வேண்டும். இலக்கிய ஆங்கிலம் என்றால் மேல்மாடிச் சொற்கள் என்று நினைத்துவிட்டீர்கள். நல்ல உரைநடையைத் திறந்து பாருங்கள். உங்களைத் தடுமாற வைப்பவற்றில் பெரும்பகுதி கீழ்மாடியின் குட்டி வினைகளாக இருக்கும், தேர்வுப் பட்டியல்கள் அவற்றைச் சீண்டுவதே இல்லை. தமிழில் நடையின் விதத்தை வினைக்கு முன்னால் அடையாக வைக்கிறோம்: காலை இழுத்து இழுத்து நடந்தான், சாவகாசமாக நடந்தான், மிடுக்காக எட்டி வைத்து நடந்தான், நெஞ்சை நிமிர்த்திப் பகட்டாக நடந்தான், காலில் கல் கட்டியதுபோல் நடந்தான். ஆங்கிலம் அந்த அடையை வினைக்குள்ளேயே மடித்து வைத்துவிடுகிறது. வரிசையாக ‘ஷஃபிள்’, ‘ஸான்டர்’, ‘ஸ்டிரைட்’, ‘ஸ்டிரட்’, ‘டிரட்ஜ்’. இது பிடிபடாமல் ‘வாக்’ என்ற வினைக்குப் பக்கத்தில் நீண்ட வினையடைகளை அடுக்குவதால்தான் தமிழர் எழுதும் ஆங்கிலம் சில சமயம் கனத்துப்போகிறது. ஒளியும் அப்படியே. நாம் பளபள, மினுமினு, தகதக என்று இரட்டைக்கிளவியில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் வினையில் காட்டுகிறார்கள். ஈரமான பரப்பு ‘கிளிஸன்’, உலோகத்திலிருந்து ஒரு நொடி தெறிப்பது ‘கிளின்ட்’, துடைத்து மெருகேற்றிய பரப்பு ‘கிளீம்’, வெயிலில் அலையலையாக நடுங்குவது ‘ஷிம்மர்’, அணையப்போகும் சுடர் ‘ஃபிளிக்கர்’. நடை, பார்வை, ஒளி, ஓசை, தொடுதல் என்ற ஐந்து துறைகளில் இப்படிப்பட்ட வினைகள் இருபது இருபது சேர்ந்துவிட்டால் நாவல் பக்கத்தின் தோற்றமே மாறிவிடும். உங்கள் தினசரி ஐந்தில் இரண்டு இவையாக இருக்கட்டும்.

மாறாக, இணையப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் ‘பெட்ரிகோர்’ இருக்கும், மண்வாசனைக்கு ஆங்கிலம் என்று. அது 1964-இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக உருவாக்கிய சொல். மண்வாசனை நமக்கு வீட்டுச் சொல், ‘பெட்ரிகோர்’ அவர்களுக்கு அப்படி இல்லை. காய்ந்த மண்ணில் மழை விழுந்த வாசம் என்று எளிய சொற்களில் எழுதுவதே பெரும்பாலும் நல்ல ஆங்கிலம். அழகான சொல் என்பதும் பொருத்தமான சொல் என்பதும் ஒன்றல்ல.

அறிந்துகொள்ளும் சொல், எடுத்தாளும் சொல் என்று அட்டைகளை இரண்டாகப் பிரியுங்கள். ‘ஹிதர்’, ‘எர்’, ‘பிட்விக்ஸ்ட்’ போன்ற வழக்கொழிந்தவை படிக்க மட்டும். வாரத்தின் 25 அட்டைகளில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுத்தாளத் தேர்ந்தெடுத்து, அன்றாட விஷயம் ஒன்றைப் பற்றி 150 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். எழுதிய பின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லைப் போட்டுப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் எளியதே இருக்கட்டும். குறைகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அந்தச் சொல் உங்களுடையது.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வுக்காகத்தான் படிக்கிறீர்கள் என்றாலும் வழி மாறாது. எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை அவர்கள் 2011-லேயே நீக்கிவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் காலி இடத்தைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள்.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதும் வழக்கத்தை இன்றே விடுங்கள். இந்தப் பதிலில் வசதிக்காக நான் அப்படிச் செய்திருக்கிறேன், அதன் சங்கடத்தையும் இங்கேயே காட்டிவிடலாம். இரக்கத்தைக் கிளறும் தன்மைக்கு ஒரு சொல், உயர்ந்த நடையிலிருந்து திடீரென்று அற்பத்துக்குச் சரிவதற்கு இன்னொரு சொல். முதலாவதைத் (pathos) தமிழில் எழுதினால் ‘பேதாஸ்’, இரண்டாவதும் (bathos) ‘பேதாஸ்’. முதலெழுத்தின் வேறுபாடு நம் எழுத்தில் நிற்காது. அகராதியின் ஒலிப்பொத்தானை அழுத்தி மூன்று முறை கேளுங்கள், கூடவே சொல்லுங்கள், அழுத்தத்தை மட்டும் குறியுங்கள். எழுத்தைப் பார்த்து ‘எபிடோம்’, ‘ஹைப்பர்போல்’, ‘ஆவ்ரி’ என்று படித்துவைத்தவர்கள் ஏராளம். அவை ‘இபிட்டமி’, ‘ஹைப்பர்பலி’, ‘அரை’.

பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், மனப்பாடத்தை மட்டும் நிறுத்துங்கள். அதை அகரவரிசையில் ஒரு கணினிக் கோப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது அதிலுள்ள சொல் ஒன்று எதிர்ப்பட்டால் ஒரு கோடு போடுங்கள், இரண்டாம் கோடு விழுந்த நாளில் அட்டை எழுதுங்கள். ‘அமீலியரேட்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை, அவற்றின் வாக்கியங்களை நண்பரின் சிவப்பு மையே கொடுத்துவிட்டது.